பிளக் எங்கே, அண்ணாச்சி?

மின்வண்டிக் கேள்விகள் குவிந்துவிட்டன. தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர்ப் பாலத்தின் இரண்டு கரையிலிருந்தும் வந்திருக்கின்றன. ஆகவே இந்த வாரம் சினிமா இல்லை, அரசியல் கொஞ்சம், கரண்டு நிறைய.

கேள்வி: போனில் ‘ஆத்தூர் சார்ஜிங்’ என்று தேடினால் சேலம் மாவட்டத்துக்கு வழி காட்டுகிறதே, அண்ணாச்சி?
— புது ஸ்கூட்டர்க்காரர், ஆத்தூர்

பதில்: கிளம்புங்கள். திண்டுக்கல் மாவட்டத்திலும் ஓர் ஆத்தூர் உண்டு, நடுவழியில் இளைப்பாறலாம். அது முடியாதென்றால் ‘முக்காணி’ என்று தேடுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். அந்தப் பெயருக்குப் போட்டியும் கிடையாது.

கேள்வி: சின்ன ஊரில் பொது சார்ஜர் எங்கே தேடுவது?
— மருமகன் கார் வாங்கிவிட்டார், ஆறுமுகநேரி

பதில்: மூன்று இடம். எண்ணெய் நிறுவன பங்க், மின்கார் விற்கும் ஷோரூம், பெரிய தங்கும் விடுதி. 2023 மார்ச்சில் மத்திய அரசு மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது, 7,432 வேக சார்ஜர் நிலையங்கள் வைக்க. பெட்ரோல் விற்பவரிடமே பெட்ரோலுக்குப் போட்டியை ஒப்படைத்திருக்கிறார்கள். கிளம்புமுன் அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வரைபடத்தில் பச்சையாக இருப்பதெல்லாம் பசுமை அல்ல.

கேள்வி: தினமும் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறேன். மின் ஸ்கூட்டர் வாங்கினால் வழியில் நின்றுவிடுமா?
— முதல் ஷிப்ட், ஆத்தூர்

பதில்: போக 25, வர 25, வழியில் வடைக்கு ஒதுங்க ஒன்று. மூன்று யூனிட் பேட்டரி ஸ்கூட்டர் ஒழுங்காக ஓட்டினால் நூறு கிலோமீட்டருக்குப் பக்கமாக வரும். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் முப்பது ரூபாய். அதே நூறுக்கு பெட்ரோல் இரண்டு லிட்டருக்கு மேல், இருநூறு ரூபாய்க்கு மேல். உங்களுக்குத் தேவை பொது சார்ஜர் இல்லை, வீட்டுச் சுவரில் ஒரு நல்ல பிளக். ஸ்கூட்டர் வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் இதுதான் பதில். கேள்வி மட்டும் பத்துப் பேரும் கேட்கிறார்கள்.

கேள்வி: வீட்டு லைனில் வண்டிக்கு சார்ஜ் போடுவது சட்டப்படி குற்றம் என்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர்?
— பயந்தவர், ஏரல்

பதில்: அவரிடம் பெட்ரோல் வண்டி இருக்கிறதா? அதுதான். உங்கள் வீட்டு இணைப்பில் உங்கள் வண்டிக்கு தாராளமாகப் போடலாம், மத்திய மின்துறை வழிகாட்டியே சொல்கிறது. பக்கத்து வீட்டு இணைப்பில் போட்டால்தான் குற்றம்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதிலேயே வண்டி ஓட்டிவிடலாம்தானே?
— சிக்கனம், சாகுபுரம்

பதில்: ஓட்டலாம். விசிறி, மிக்ஸி, மாமியார் பார்க்கும் சீரியல் மூன்றையும் நிறுத்திவிட்டால். இன்னொன்று: 500 யூனிட்டைத் தாண்டினால் மேல்படிக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிகளுக்கும் விலை கூடும். ஏசியும் ஸ்கூட்டரும் ஒரே வீட்டில் இருந்தால் மீட்டரை மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ரீடிங் எடுக்க வருபவர் மட்டும் பார்த்தால் போதாது.

கேள்வி: செல்போன் சார்ஜ் போடும் பிளக்கிலேயே ஸ்கூட்டருக்கும் போடலாமா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் புதுசு.
— கல்லூரி மாணவர், திருச்செந்தூர்

பதில்: இந்தப் பதிலில் சிரிப்பு கிடையாது, தம்பி. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரி பாதுகாப்பு விதிகளை அரசு இறுக்கியது. 16 ஆம்பியர் பிளக், அதற்கென்று தனி ஒயர், ஒழுங்கான எர்த், கசிவு வந்தால் தானே விழுகிற பிரேக்கர். வண்டியை வாசல்நடையில், மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள். தப்பி ஓடும் வழி அதுதான். நல்ல எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசவும் வேண்டாம்.

கேள்வி: வேக சார்ஜரில் 80 சதவீதம் சீக்கிரம் ஏறுகிறது, மீதி 20 ஏற ஏன் அவ்வளவு நேரம்?
— பொறுமை இழந்தவர், காயல்பட்டினம்

பதில்: திருச்செந்தூர் பஸ்ஸில் முதல் நாற்பது பேர் ஒரு நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி பத்துப் பேர் சீட்டு சீட்டாக எட்டிப் பார்த்து, பையை நகர்த்தச் சொல்லி, மூன்றாவதாக ஒண்டி உட்காருவார்கள். லித்தியம் அயனிக்கும் அதே நெருக்கடி. நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைக்காவிட்டால் பேட்டரி கெடும், சூடாகும். பயணத்தில் 80 வந்ததும் இறங்கிப் போவது நாகரிகம். பின்னால் ஒருவர் காத்திருக்கிறார்.

கேள்வி: ஸ்லோ, ஃபாஸ்ட். என்ன வித்தியாசம்? ஒரே வரியில்.
— அவசரக்காரர், பழையகாயல்

பதில்: வீட்டு பிளக் மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் தரும், பங்க்கிலும் சாலையோரத்திலும் உள்ள இயந்திரம் அதே ஒரு மணிக்கு 30, 60 என்று தள்ளும், பில்லும் அப்படியே.

கேள்வி: நம் மாவட்டம் முழுக்கக் காற்றாலை. ஒரு காற்றாலைக்குக் கீழே ஒரு சார்ஜர் வைத்தால் என்ன?
— யோசனை மன்னர், முள்ளக்காடு

பதில்: உங்கள் ஊர்க்காரருக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் உங்கள் முள்ளக்காட்டில்தான் சுழன்றது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்றைய 60 கிலோவாட் சார்ஜர் ஒன்றே அதில் ஓர் ஆலையை முழுதாக விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். இப்போதைய காற்றாலைகள் மெகாவாட் கணக்கு, சமாளிக்கும். ஆனால் காற்று ஆனியில் அடிக்கும், உங்கள் மச்சினர் கார்த்திகையில் வருவார். நடுவே கம்பியும் மின்வாரியமும் வேண்டும்.

கேள்வி: தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து அந்தக் கரண்டில் ஓடும் வண்டியை ‘பசுமை’ என்பது ஏமாற்று இல்லையா?
— நேர்மையாளர், தெர்மல் நகர்

பதில்: பாதி நியாயம். 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகு, 1,050 மெகாவாட், 1979 முதல் புகைகிறது. ஆனால் பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் கால்பங்கைக்கூடச் சக்கரத்துக்குத் தருவது அபூர்வம், மீதி சூடாகப் போகும். மின்மோட்டார் முக்காலுக்கு மேல் தந்துவிடும். புகை எப்படியும் இருக்கிறது என்றால் அது பள்ளிக்கூட வாசலில் இல்லாமல் ஒரு புகைபோக்கியில் இருப்பது மேல். தெர்மல் நகரில் குடியிருப்பவரிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: சரி, சுத்தமான கரண்டே நமக்கு வராதா?
— அதே நேர்மையாளர்

பதில்: பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணி மின்சாரம் தருகிறது, இப்போது 32 மெகாவாட். அந்தத் தண்ணீர் மலையிறங்கி, அணைக்கட்டுகளில் நின்று நிதானித்து, கடைசியில் ஆத்தூர்க் கொடிக்காலுக்கு வருகிறது. மேலே கரண்டு, கீழே வெற்றிலை. கடலுக்குப் போவது மிச்சம்தான்.

கேள்வி: வெற்றிலைக் கட்டுகளை மின் லோடு ஆட்டோவில் ஏற்றலாமா? நம்பலாமா?
— கொடிக்கால்காரர், ஆத்தூர்

பதில்: வெற்றிலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. பாரம் கனமில்லை, போகும் இடம் தெரியும், திரும்பும் நேரம் தெரியும், இரவெல்லாம் வண்டி சும்மா நிற்கும். சார்ஜ் போட அந்த இரவு போதும். 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்மேல் டீசல் வாடை அடித்தால் குறியீட்டுக்கு மரியாதை இல்லை. மண்டியில் சரக்கு இறக்கும் இடத்தில் ஒரு பிளக் கேளுங்கள். பெரிய இயந்திரம் வேண்டாம், பிளக் போதும். இதைப் பின்னால் ஒரு கவுன்சிலருக்கும் சொல்லப்போகிறேன்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்வண்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
— மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்தவர், ஏரல்

பதில்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நல்ல பேட்டரிக்கு ‘ஐபி 67’ என்று தரம் உண்டு: ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அன்றைய தண்ணீர் ஒரு மீட்டரையும் மதிக்கவில்லை, அரை மணியையும் மதிக்கவில்லை. மூழ்கிய மின்வண்டியை நீங்களே கழுவித் துடைத்து சார்ஜ் போட்டுவிடாதீர்கள், சர்வீஸ்காரர் திறந்து பார்க்கட்டும். சார்ஜர் வைக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: பீடத்தை 2023 தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே கட்டுங்கள். சுவர்களில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, டேப் கொண்டுபோனால் போதும். அன்று நம்மைக் காப்பாற்றிய ஒரே வாகனம் மீனவர் படகு.

கேள்வி: அந்தப் படகுக்குச் சார்ஜர் எப்போது?
— வள்ளக்காரர், புன்னைக்காயல்

பதில்: கேட்டீர்களே ஒரு கேள்வி. கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு ஓடுகிறது, 75 பேர் ஏறலாம். ஆனால் அது காயல், இது மன்னார் வளைகுடா. அங்கே அலை தாலாட்டும், இங்கே தள்ளும். கரையோர நண்டு வலைக்கு வரலாம். ஆழ்கடலுக்கு இப்போதைக்கு டீசல்தான். நடுக்கடலில் யாரும் பிளக் வைக்கவில்லை.

கேள்வி: இங்கே உப்பு மலைபோல் குவிந்து கிடக்கிறது. உப்பில் பேட்டரி செய்ய முடியாதா?
— உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி

பதில்: முடியும், செய்தும்விட்டார்கள். சோடியம் அயனி பேட்டரி. சீனாவில் அதைப் பூட்டிய கார்களே விற்பனைக்கு வந்துவிட்டன. லித்தியத்தைவிடக் கனம் அதிகம், சரக்கு மலிவு. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, தமிழ்நாட்டில் நாம்தான் முதல். மூட்டை மூட்டையாக உப்பை அனுப்பிவிட்டு அது பேட்டரியாகத் திரும்பி வரும்போது கிலோ கணக்கில் வாங்கப் போகிறோமா, இங்கேயே செய்யப் போகிறோமா என்பதுதான் கேள்வி. இதைத் தொழில்துறை அமைச்சருக்கு அனுப்புங்கள், எனக்கு அல்ல.

கேள்வி: அதே உப்புக்காற்று சார்ஜரைத் தின்னாதா?
— அதே தொழிலாளியின் மகன்

பதில்: தின்னும். சார்ஜர் துப்பாக்கி முனையின் செப்புக் காலில் பச்சை பூத்திருந்தால் செருகாதீர்கள். கடற்கரை ஊரில் சார்ஜர் வைப்பது ஒரு நாள் செலவு, துடைத்து வைப்பது தினச்செலவு. ரிப்பன் வெட்ட வருகிறவர்கள் துணி கொண்டுவருவதில்லை.

கேள்வி: வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை நம் மாவட்டத்தில். கார் இங்கே பிறக்கிறது. சார்ஜர் ஏன் தெருவுக்குத் தெரு இல்லை?
— தன்மானத் தமிழன், ஸ்ரீவைகுண்டம்

பதில்: 2024 பிப்ரவரியில் கல் நாட்டி 2025 ஆகஸ்ட் 4-இல் சில்லாநத்தம் சிப்காட்டில் திறந்துவிட்டார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார் திறன். வியட்நாம்காரர் பதினேழே மாதத்தில் தொழிற்சாலை கட்டிவிட்டார், நம்மூரில் ஒரு பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் பூட்டு மாற்றவே அதைவிட நேரமாகும். கார்த் தொழிற்சாலை ஊருக்கு வேலை தரும், பிளக் தராது. மீன்பிடி ஊரில் மீன் விலை குறைவாகவா இருக்கிறது?

கேள்வி: தமிழன் முன்பே மின்கார் செய்திருக்கிறானா?
— மீண்டும் தன்மானத் தமிழன்

பதில்: ‘லவ்பேர்ட்’. இரண்டு பேர் உட்காரும் குட்டிக் கார். 1993 டில்லி வாகனக் கண்காட்சியில் வைத்தார்கள். எட்டி கரன்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம், ஜப்பானின் யாஸ்கவா துணையோடு, சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் செய்தது. காதல்பறவை என்று பெயர் வைத்தும் யாரும் காதலிக்கவில்லை. ஈய பேட்டரி, சிறிய ஓட்டம், அன்றைய கரண்டு கட். அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் முன்பே, 1895-இல், சென்னையில் மின்சார டிராம் ஓடியது. 1953-இல் நிறுத்தினோம். நாம் சீக்கிரம் தொடங்குவோம், சீக்கிரம் மூடுவோம்.

கேள்வி: டீக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு பிளக் வைத்துக் காசு வாங்கினால் கரண்டு விற்ற கேஸ் வருமா?
— கல்லா ஓரம், முக்காணி

பதில்: வராது. சார்ஜ் செய்வது மின்சார விற்பனை அல்ல, சேவை. லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் அதற்கென்று தனி மீட்டர் வாங்குங்கள், டீக்கடை மீட்டரில் இழுக்காதீர்கள். இணைப்புக் கேட்டால் நகராட்சிப் பகுதியில் 7 நாளில், கிராமத்தில் 15 நாளில் தரவேண்டும் என்று 2024-இல் விதி மாற்றினார்கள். விண்ணப்பத்தோடு அந்த விதியின் நகலையும் வையுங்கள். பாலில் கலப்பதைப் போல் யூனிட்டில் தண்ணீர் கலக்க முடியாது. அது ஒன்றுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: எந்த நேரத்தில் சார்ஜ் போட்டால் மலிவு?
— கணக்குப்பிள்ளை, பேட்டை

பதில்: பொது நிலையத்தில் காலை 9 முதல் மாலை 4 வரை. சூரிய மின்சாரம் பெருகும் நேரம். மத்திய வழிகாட்டிப்படி அந்த நேரத்தில் நிலையத்துக்குக் கரண்டு சராசரி அடக்கவிலையில் 70 சதவீதத்துக்குக் கிடைக்கவேண்டும், மற்ற நேரம் 130. மேலே நிலையக்காரர் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வண்டிக்கு 5 சதவீதம்தான் வரி, அதன் சோற்றுக்கு 18. பெண் கொடுத்தவன் சீர் செய்த கதை. நம்மூர் வெயிலுக்கு ஒரு தள்ளுபடியாவது கிடைத்ததே என்று சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்பணம். என் போனில் இடமில்லை, பையில் காசுமில்லை.
— நான்கு ஆப் நாயகன், தூத்துக்குடி

பதில்: நிலையங்களைக் காட்ட அரசே ‘ஈவி யாத்ரா’ என்று ஒரு ஆப் 2022 டிசம்பரில் விட்டது. ஆக, ஐந்து. டீக்கு ஸ்கேன் செய்கிறோம், பூவுக்கு ஸ்கேன் செய்கிறோம். கரண்டுக்கு மட்டும் முதலில் கணக்குத் தொடங்கி நூறு ரூபாய் போட்டுவைக்க வேண்டுமாம். அங்கங்கே சிதறிக் கிடக்கும் உங்கள் நூறு ரூபாய்களைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும்.

கேள்வி: ‘சார்ஜிங் இலவசம்’ என்று ஒரு கம்பெனி விளம்பரம். நம்பலாமா?
— ஓசி விரும்பி, ஆழ்வார்திருநகரி

பதில்: 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டபோது வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசம் என்றது, ஏறியவருக்குக் குடையும் கொடுத்தது. சுதேசிக் கம்பெனி மூழ்கிய பிறகு குடையை யாரும் பார்க்கவில்லை. இலவசம் தரும் நாள்வரை பயன்படுத்துங்கள். கார் வாங்கும் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எத்தனை வகை பிளக்தான் இருக்கிறது, அண்ணாச்சி?
— குழம்பியவர், நாசரேத்

பதில்: காருக்குப் பெரும்பாலும் ‘சிசிஎஸ் 2’ என்று ஒழுங்காகிவிட்டது. ஸ்கூட்டர்தான் கம்பெனிக்கு ஒரு மூக்கு. நம் நாட்டில் உருவான ஒரு மூக்கை 2023-இல் இந்திய தர நிர்ணய அமைவனம் ஏற்றது. எல்லாரும் ஏற்றுக்கொண்டால் நல்லது. அதுவரை எல்லா வண்டிக்கும் பொதுவானது 16 ஆம்பியர் மூன்று கால் பிளக். அதற்கு ஆப் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், வெளிநாட்டுப் பெயரும் கிடையாது.

கேள்வி: சார்ஜர் முன்னால் டீசல் கார் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். என்ன செய்ய?
— வெயிலில் நின்றவர், திருச்செந்தூர்

பதில்: 2025 ஜூலை 7 குடமுழுக்குக் கூட்டத்தில் கார் நிறுத்த இடம் கிடைத்தவரே பாக்கியசாலி, அது சார்ஜர் இடமானால் என்ன. முருகனுக்கு வேல் இருக்கிறது, உங்களுக்கு ஹாரன் இருக்கிறது. திருச்செந்தூருக்கு ஒரே ஒரு யோசனை: தங்கும் விடுதிகளின் கார் நிறுத்தத்தில் மெதுவான பிளக். இரவு தங்குகிறவர் காலைத் தரிசனத்துக்குப் போகும்போது வண்டி நிரம்பியிருக்கும். யாரும் யாரையும் மறிக்க வேண்டாம்.

கேள்வி: அரசு விதிப்படி எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜர்?
— சட்டம் படித்தவர், பழையகாயல்

பதில்: 2024 வழிகாட்டி: 2030-க்குள் நகரத்தில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒன்று. தூத்துக்குடி–திருச்செந்தூர் சுமார் 40. நடுவில் ஒன்று என்றால் உங்கள் பழையகாயலுக்கும் ஆத்தூருக்கும் இடையில் எங்காவது விழும். எந்த ஊரில் என்று இரண்டு ஊரும் சண்டை போட்டு, கடைசியில் ஆற்றுக்குள் வைத்துவிடப் போகிறார்கள்.

கேள்வி: குலசேகரன்பட்டினத்துக்கு ராக்கெட் தளமே வருகிறது...
— கனவு காண்பவர், உடன்குடி

பதில்: ராக்கெட்டுக்குத் திரும்பி வர சார்ஜ் தேவையில்லை.

கேள்வி: டீக்கடையில் கெஞ்சி பிளக் கேட்பது அசிங்கமாக இல்லையா?
— மானஸ்தன், குரும்பூர்

பதில்: 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் கணவருக்குச் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் நூறு கிலோமீட்டர் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. உலகத்தில் பங்க் கிடையாது. விஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்கும் திரவம் வாங்கி ஊற்றினார். மருந்துக்கடையில் பெட்ரோல் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று டீக்கடையில் பிளக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு டீயும் இரண்டு வடையும் சேர்த்துக் கேளுங்கள், மானம் மிஞ்சும்.

கேள்வி: தூத்துக்குடியில் ராத்திரி சார்ஜ் ஏறும் 40 நிமிடத்தில் என்ன செய்வது?
— வெளியூர்க்காரர், மதுரை

பதில்: ‘நைட் கிளப்’ போங்கள். பதறாதீர்கள், தூத்துக்குடியில் பரோட்டா கடைக்கு அதுதான் பெயர். சால்னா ஊற்றி நான்கு முடித்துவிட்டு வந்தால் கார் 80 சதவீதம், நீங்கள் 120.

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் ஒரு பெரிய வேக சார்ஜர் கேட்டுத் தீர்மானம் போடலாம் என்றிருக்கிறோம். ஆதரவு உண்டா?
— வார்டு கவுன்சிலர்

பதில்: அரைகுறை ஆதரவு. வேக சார்ஜர் வழிப்போக்கர் காருக்கு. அதை நெடுஞ்சாலை பங்க் பார்த்துக்கொள்ளும். ‘பிஎம் இ-டிரைவ்’ திட்டத்தில் சார்ஜருக்கு 2,000 கோடி ஒதுக்கி, நான்கு சக்கரத்துக்கு 22,100, இரண்டு மூன்று சக்கரத்துக்கு 48,400 என்று பிரித்திருக்கிறார்கள். டில்லிக்கே தெரிகிறது எது நிறைய வேண்டும் என்று. உங்கள் ஊரில் நிற்பது ஸ்கூட்டரும் ஆட்டோவும். வெற்றிலை மண்டியில் நான்கு, பஸ் நிற்கும் இடத்தில் நான்கு, வாரச்சந்தையில் இரண்டு: 16 ஆம்பியர் பிளக், சிறு மீட்டர், மேலே கூரை, ஒரு விளக்கு. கெட்டால் சரிசெய்ய ஒருவருக்குச் சம்பளம், அவர் போன் நம்பர் பலகையில். பெரிய இயந்திரத்தைவிட மலிவு, ஊருக்கு உபயோகம். ஒரே குறை, இவ்வளவு சின்னப் பெட்டியில் உங்கள் படம் ஒட்ட இடமிருக்காது.

கேள்வி: எல்லாம் படித்துவிட்டேன். ஸ்கூட்டர் வாங்க முடிவு. முதல் வேலை என்ன?
— வாடகை வீடு, ஆத்தூர்

பதில்: ஷோரூம் போகுமுன் மாடிக்குப் போய் வீட்டு ஓனரைப் பாருங்கள். வண்டி உங்களுடையது, பிளக் அவருடையது. போகும்போது ஒரு கவுளி வெற்றிலை எடுத்துப் போங்கள்.